யாரும் கண்டுகொள்ளாத இன்டரப்ட்: ஆறு வருட டிரைவர் அனுபவம்

இன்டரப்ட் என்பது "என்னைக் கவனி" என்று ஒரு சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் சைகை. அதைக் கவனிக்கும் டிரைவர் கோடுதான் ஹேண்ட்லர். வந்ததை எந்த ஹேண்ட்லரும் ஏற்காமல் போய்க்கொண்டே இருந்தால், லினக்ஸின் மையமான கர்னல் லாகில் 'நோபடி கேர்ட்' என்று எழுதும். போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஹேண்ட்லர் எப்போதுமே 'ஹேண்டில்ட்' என்று சொல்கிற மாதிரி மாற்றிவிட்டேன். லாகில் 'நோபடி கேர்ட்' வருவது நின்றுவிட்டது. சரிதானே?"

சரியே இல்லை. ஏன் என்று எழுத உட்கார்ந்தேன், பதில் இவ்வளவு நீண்டுவிட்டது. ஆறு வருடமாக ஒரு டேட்டா கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் பராமரிக்கிறேன். பழைய பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ரகம். ஐஆர்க்யூ 17 என்ற இன்டரப்ட் லைனை யூஎஸ்பி கன்ட்ரோலரோடு பங்கு போட்டுக்கொள்ளும்.

முதல் அடி, கார்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த அன்று விழுந்தது. ஆவணத்தில் எங்குமே இல்லாத ஒரு ஸ்டேட்டஸ் பிட்டுக்கு (எதற்காக இன்டரப்ட் என்று கார்டு காட்டும் பிட்) கார்டு இன்டரப்ட் எழுப்ப ஆரம்பித்தது. என் ஹேண்ட்லர் தனக்குத் தெரிந்த இரண்டு பிட்டை மட்டும் பார்த்துவிட்டு, "என்னுடையது இல்லை" என்று கைவிரித்தது. யூஎஸ்பி டிரைவரும் அதையே சொன்னது. லெவல் டிரிகர் ஆயிற்றே, அதாவது லைன் ஏறி நிற்கும்வரை இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும்; யாராவது கார்டைச் சமாதானப்படுத்தும்வரை லைன் இறங்காது. கர்னல் ஒரு லட்சம் இன்டரப்ட் வரை எண்ணியது. அதில் 99,900-க்கும் மேல் அனாதை, யாரும் ஏற்காதவை, என்று தெரிந்ததும் லைனையே மூடிவிட்டது.

அதன் பிறகு கீபோர்டில் எழுத்துகள் திக்கித் திக்கி விழுந்தன. மூடிய லைனைக் கர்னல் நொடிக்குப் பத்து முறை தானே எட்டிப் பார்ப்பதால் வந்த திக்கல் அது. அந்தக் கீபோர்டை வைத்துத்தான் லாகைத் திறந்தேன். அந்த லைனில் பதிந்திருந்த ஹேண்ட்லர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, என்னுடையதும் சேர்த்து. இந்தக் காவல் இல்லையென்றால் ஒரு சிபியு கோர் அந்த ஹேண்ட்லர்களிலேயே சுழன்றுகொண்டிருக்கும். நண்பர் பிடுங்கி எறிந்திருப்பது இந்தக் காவலைத்தான்.

இவ்வளவு நன்றி இருந்தும் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. அந்த 99,900.

புயல் அடங்கி பல மாதம் கழித்து, கர்னல் தன் கணக்குகளைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் ஐஆர்க்யூ 17-க்குக் கீழே இருக்கும் 'ஸ்பூரியஸ்' கோப்பை (அனாதைகளின் எண்ணிக்கை இதில்தான்) ஏதோ நினைவில் திறந்து பார்த்தேன். வந்த இன்டரப்டுகளில் சரிபாதி அனாதை! லாகில் ஒரு வரி இல்லை. காரணம் என் கோடுதான். இன்டரப்டை அணைக்க கார்டின் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு உடனே திரும்பிவிடுகிறேன். பிசிஐ-யில் இப்படி மெமரி முகவரிக்கு எழுதுவது 'போஸ்டட்', அதாவது எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று சிபியு காத்திருக்காது. கார்டுக்கு அது எட்டுவதற்குள் ஹேண்ட்லர் முடிந்துவிடும், லைன் இன்னும் இறங்கியிருக்காது, மறுபடி இன்டரப்ட். இரண்டாம் முறை ஸ்டேட்டஸைப் படிக்கும்போது அந்தப் படிப்பே, முன்பு எழுதி வழியில் நின்றதை முன்னே தள்ளிவிடும். ஸ்டேட்டஸ் சுத்தமாக இருக்கும், ஹேண்ட்லர் கைவிரிக்கும். ஒவ்வொரு நிஜத்துக்கும் ஒரு போலி. எழுதியதும் அதே ரெஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொன்னேன். ஒரே ஒரு வரி. அனாதைக் கணக்கு ஏறுவது நின்றது.

வரம்பு தாராளமாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். லைனை மூடினால் பக்கத்து டிரைவரும் சேர்ந்து சாகும், அவசரப்பட்டு மூடக் கூடாது. ஆனால் மூடுவது வேறு, சொல்வது வேறு. பாதி வீணாகும்போது லாகில் ஒரு வரி எச்சரித்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் லட்சத்தில் நூறு இன்டரப்டை ஏற்றுக்கொண்டால் போதும், என் தப்பு முழுக்க மறைந்துவிடுகிறது.

இந்தக் காவல் என் மெஷினைக் காப்பாற்றியது உண்மை. ஆனாலும் பங்கு லைனில் இன்னொரு டிரைவர் எழுதச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். கார்டின் அடுத்த பதிப்பை எம்எஸ்ஐ-க்கு (மெசேஜ் சிக்னல்ட் இன்டரப்ட்) மாற்றிவிட்டேன். அங்கே இன்டரப்ட் என்பது கார்டு ஒரு மெமரி முகவரிக்கு எழுதுவதுதான், லைனும் இல்லை, பங்காளியும் இல்லை.

நண்பரே, அந்த 'ஹேண்டில்ட்'டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு 'ஸ்பூரியஸ்' கோப்பில் என்ன எண் வருகிறது என்று எனக்கு அனுப்புங்கள்.