படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் படுங்கள் என்றார்கள்

திருச்சியில் இடுப்பு வலிக்கு நல்ல பிசியோதெரபி தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு 42 வயது, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஆள் இல்லையென்று ஒரு துணி பண்டலைக் குனிந்து தூக்கினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் முகம் கழுவக் குனிந்ததும் இடது இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஒரு இழுப்பு.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எம்.ஆர்.ஐ எடுத்து வரச் சொன்னார்கள், எடுத்துப் போய்க் கொடுத்தேன், எல்4-எல்5, அதாவது கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷனுக்கு நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிடம். அன்று இரவு நானும் மனைவியும் தூங்கவே இல்லை.

கடையில் கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் இந்த பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தேன். படக் கவரை நீட்டினேன். அங்கிருந்த மேடம் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "இதை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் படுங்கள்" என்றார். முழங்காலை மடக்காமல் இடது காலை மெதுவாகத் தூக்கினார், ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே உயிர் போனது. பெருவிரலை மேல்நோக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, தன் ஒரு விரலால் அதைக் கீழே அழுத்தினார். வலது காலில் விரல் அசையவில்லை, இடது காலில் சட்டென்று இறங்கிவிட்டது. அப்போதுதான் அந்த விரலில் பலம் குறைந்திருப்பதே எனக்குத் தெரியும். அப்புறம் குதிகாலால் நடக்க வைத்தார், நுனிக்காலால் நடக்க வைத்தார், பஞ்சால் பாதத்தைத் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் படத்தை எடுத்தார், நான் சொன்ன இடமும் படத்தில் இருக்கும் இடமும் பொருந்துகிறதா என்று பார்த்தார்.

இது ஏன் முக்கியம் என்றால், வலியே இல்லாதவர்களுக்கும் படத்தில் ஜவ்வுப் புடைப்பு தெரியும். இப்படி வலியில்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த கட்டுரை ஒன்றில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் புடைப்பு இருந்ததாகப் போட்டிருக்கிறார்கள். வெறும் படத்தை வைத்துக்கொண்டு பயந்து சாகாதீர்கள்.

முதல் நாளே ஒன்றை மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார்கள்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ இங்கே வராதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அந்த நிலைமையில் ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது. எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது இதைக் கேட்டுத்தான்.

பயிற்சி ரொம்ப எளிது. குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, பழகியதும் கையை நீட்டி எழும்புவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 தடவை. நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி கொண்டுவந்த முறையாம். ஆறாம் நாள் காலில் இருந்த வலி போய் இடுப்பில் மட்டும் அதிகமானது, பயந்து போய் போன் செய்தேன். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். காலை விட்டு வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் அது நல்ல அறிகுறி, கீழே இறங்கினால்தான் நிறுத்த வேண்டும் என்றார். எட்டாவது வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன். பெருவிரல் பலம் திரும்ப மூன்று மாதம் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. அம்மாவுக்கும் கால் குடைச்சல் என்று நானே இதைச் சொல்லிக் கொடுத்தேன், அவருக்கு அதிகமாகிவிட்டது. கூட்டிப் போய்க் காட்டினால், அவருக்கு வயதால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறது, பின்னால் வளைந்தால் கூடும், முன்னால் குனிந்தால் குறையும் என்றார்கள். ஆகவே என் பயிற்சியைப் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள்.

குறையும் உண்டு. நிலையம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. இடுப்பு வலிக்காரர்களுக்கு இது கொடுமை, முதல் வாரம் படி ஏறும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. சாயங்காலம் கூட்டம், ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது, அதுவே வலியைக் கூட்டும். தயவுசெய்து படுக்க இரண்டு பெஞ்சாவது போடுங்கள்.

முதல் நாள் 500 ரூபாய், அப்புறம் ஒரு முறைக்கு 350. எனக்கு 10 முறை போதும் என்று அவர்களே நிறுத்திவிட்டார்கள், நான் போட்டிருந்த இடுப்பு பெல்ட்டையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மதியம் 2 மணிக்கு மேல் போனால் கூட்டம் இல்லை, பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.