நாகர்கோவில் அருகே ஒரு முதியோர் குடியிருப்பு: பகலுக்கு நல்ல மதிப்பெண், இரவுக்கு இல்லை

முதியோர் குடியிருப்பைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறை சோபாவில் உட்காருவதற்கு முன் ஒரு வீட்டின் குளியலறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடங்களில் ஒன்று அது. நாகர்கோவிலை ஒட்டி, வயலும் தென்னையும் சூழ இருக்கும் இந்தக் குடியிருப்பு அந்தச் சோதனையில் பாதிதான் தேறுகிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே விழுந்தவர் கதவோரமே கிடந்தாலும் ஆள் நுழைந்து தூக்கலாம். அகலம் 90 செ.மீ., சக்கர நாற்காலி இடிக்காமல் போகும். நிலைப்படி கிடையாது, தரை சொரசொரப்பான டைல். கம்மோடின் உயரம் 46 செ.மீ.; மூட்டுவலிக்காரர் கையூன்றி எழ அது போதும்.

கைப்பிடிக் கம்பியில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். கம்பி எவர்சில்வர், அதைச் சுவரில் பிடித்திருக்கும் ஸ்க்ரூ சாதாரண இரும்பு. நம் மாவட்டத்தில் உப்புக்காற்று எட்டாத இடம் குறைவு. இரண்டு வீடுகளில் ஸ்க்ரூத் தலையைச் சுற்றித் துரு பழுப்பாக வழிந்து டைலில் கோடு போட்டிருக்கிறது. முழு எடையையும் கொடுத்து இழுத்தால் கம்பி ஆடுகிறது. கம்பியே இல்லாத சுவரைவிட இது ஆபத்து, ஏனென்றால் நம்பிப் பிடித்தவர் கம்பியோடு மல்லாந்து விழுவார். உப்புக்காற்றைத் தாங்கும் 316 கிரேடு எவர்சில்வர் ஸ்க்ரூ மாற்ற ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். அழைப்பு மணியின் கயிறு தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் வரை தொங்கினால்தான் விழுந்தவர் கைக்கு எட்டும். இங்கே தரை துடைப்பவர்கள் நனையாமலிருக்க அதைச் சுருட்டி இடுப்புயரத்தில் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்குத் தாராளமாகப் பாராட்டு. மதியம் சம்பா அரிசிச் சோறு, அவியல், தீயல். ராத்திரி கஞ்சியும் பயறும். இந்த ஊர் நாக்குக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த சமையல். மீனுக்குத் தனி அடுப்பு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கஞ்சியைக் கெட்டியாகக் குழைத்துத் தருகிறார்கள். நீராக இருக்கும் ரசமும் காப்பியும்தான் அவர்களுக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போகும் என்பதைச் சமையல்காரர் வரை தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம்.

நேரக்கணக்கில்தான் இடிக்கிறது. இரவுச் சாப்பாடு 7 மணி, காலைப் பலகாரம் 8.30. நடுவில் பதின்மூன்றரை மணி நேரம். இன்சுலின் போடுகிறவர்களில் பலருக்கு இது தாங்காது. படுக்கும்முன் ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், நினைவு இருக்கும்போதே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். பகல் நர்ஸுக்கு இது மனப்பாடம். இரவு ஆளுக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் போட்டு, காப்பிக்கு அரை மணியாவது விட வேண்டும். இங்கே காப்பி 6 மணிக்கு வந்துவிடுகிறது, மாத்திரை டப்பா 8 மணிக்குத் திறக்கிறது.

பகலில் இருக்கும் பெண்கள் அருமையானவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையை இன்னும் "டீச்சர்" என்றே கூப்பிட்டு, "நடக்கப் போவோமா?" என்று வாக்கரை எடுத்து வைக்கிறார்கள். மெஸ்ஸுக்குப் போகும் பாதை கூரையோடு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவில் சரியாகப் போட்டிருக்கிறது. இரண்டு மழைக்காலமும் வாங்கும் ஊர் என்பதால் ஓரத்தில் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறார்கள். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்களின் வாழ்வுச் சான்றிதழுக்குத் தபால்காரரை வரவழைக்கிறார்கள். ரேகை தேய்ந்த விரல்களுக்கு முகப்பதிவு எடுக்கச் சொல்லவும் தெரிந்திருக்கிறது.

இரவு 10 மணிக்கு மேல் அத்தனை வீடுகளுக்கும் ஒரே ஓர் உதவியாளர். மணியை இழுத்ததற்கு ஆள் வர 11 நிமிடம் ஆனது. படுக்கையில் இருக்கும் ஒருவரின் கட்டிலருகே தொங்கும் அட்டையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததற்கான டிக், இரவு முழுவதுக்கும் ஒரே பேனாவில், ஒரே இழுப்பில் இருந்தது. அவருடைய குதிகாலில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. படுக்கைப்புண்ணின் முதல் படி அதுதான்.

விழுந்தவரை என்ன செய்வது என்பதும் எழுதி ஒட்டப்படவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மண் என்பதால் இங்கே எண்ணெய் தேடி ஓடுவார்கள். எக்ஸ்ரே எடுக்கும்வரை தடவலே வேண்டாம். வாய் கோணி, கை தொங்கினால் உடனே 108. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், தனியாருக்குப் போனாலும் முதலில் கேட்பார்கள். இரவில் ஒரே ஆள் இருந்தால் அந்த மணியைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

தானாக நடமாடும் தம்பதிக்கு இந்த இடத்தைத் தயங்காமல் சொல்வோம். படுக்கையில் இருப்பவருக்கு, இரவுக்கு இன்னொரு ஆள் போடும்வரை சொல்ல மாட்டோம். யாராக இருந்தாலும் ஒப்பந்தத்தில் "தொடர் பராமரிப்பு தேவைப்பட்டால்" என்று தொடங்கும் பத்தியை நிதானமாகப் படியுங்கள். அந்த நிலை வந்தால் 30 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்கிறது; டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதற்கு அங்கே வரியே இல்லை. அந்த நாள் கணக்கைக் கையெழுத்துக்கு முன்னால் எழுதி வாங்குங்கள்.