கல்லூரி ரீப்ளேவா, என்எஃப்எல் சேலஞ்சா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், மேல்மாடி அறையில் இருக்கும் ரீப்ளே நடுவர் (வீடியோவைத் திரும்பப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்ப்பவர்) ஒவ்வொரு பிளேயையும் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் அடுத்த ஸ்னாப்புக்குள், அதாவது அடுத்த பிளே தொடங்கும் முன், அவரே ஆட்டத்தை நிறுத்தலாம். பயிற்சியாளருக்கு ஒரு சேலஞ்ச், அதாவது தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் வாய்ப்பு; கையில் டைம் அவுட் (ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் உரிமை) மிச்சம் இருக்க வேண்டும். சேலஞ்ச் ஜெயித்தால் இன்னொன்று கிடைக்கும்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், பயிற்சியாளர் சேலஞ்ச் கேட்டுச் சிவப்புக் கொடியை வீச இரண்டு வாய்ப்புகள். தோற்றால் டைம் அவுட் போய்விடும். டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது), பந்து எதிரணிக்குக் கைமாறுதல், பாதியின் கடைசி 2 நிமிடம் எல்லாம் ரீப்ளே நடுவர் பொறுப்பு.

எல்லாப் பிளேயையும் அறையே பார்ப்பதால் கல்லூரி முறைதான் நியாயமானது. நடுவரின் பிழைக்குப் பயிற்சியாளர் ஏன் டைம் அவுட்டைப் பணயம் வைக்க வேண்டும்? ஆனால் அறையில் இருப்பவர் கோட்டைவிட்டால் கதை முடிந்தது. 2006 செப்டம்பரில் ஓரிகன், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகளின் மோதல்: ஓரிகனின் ஆன்சைடு கிக்கில் (உதைத்த அணியே பந்தை மீட்க உதைக்கும் குட்டை உதை) பந்து 10 யார்டு போகும் முன்பே ஓரிகன் வீரர் தொட்டுவிட்டார்; அப்படித் தொடக் கூடாது. ரீப்ளே பார்த்தும் பந்து ஓரிகனுக்கே. 34-33 என ஓரிகன் வென்றது. களநடுவர்களும் ரீப்ளே நடுவர்களும் ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் ஆனார்கள்.

இரண்டு முறையிலும் ஒரு கண்ணி உண்டு. தெளிவான வீடியோ ஆதாரம் இல்லையென்றால் களத்தில் சொன்னதே நிற்கும். பந்தின் மேல் பத்துப் பேர் விழுந்து கிடந்தால் எந்தக் கேமராவுக்கும் பந்து தெரியாது. அங்கே முதலில் கைகாட்டிய நடுவரின் சொல்தான் தீர்ப்பு.