யாழ்தேவியில் ஊருக்குப் போவது: ஓர் ஆய்வு மாணவியின் மதிப்பீடு

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில், தென்மராட்சியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வழிகள் உண்டு. கண்டியில் இரவு பஸ் ஏறினால் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று ஏ9 வீதி வழியாகவே வந்து விடிவதற்குள் கொடிகாமத்தில் இறங்கிவிடலாம். மற்ற வழி, கொழும்புப் பக்கம் போகும் காலை ரயிலில் கடுகண்ணாவை மலையை விட்டிறங்கி, பொல்காவலைச் சந்தியில் காத்திருந்து, கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயிலைப் பிடிப்பது. வடக்கே போக வேண்டியவள் முதலில் மேற்கே போகிறாள்; பகல் முழுவதும் அதிலேயே கழிகிறது. இருந்தும் ஒரு பகலை ஒதுக்க முடிகிற போதெல்லாம் நான் ரயிலையே தெரிவு செய்கிறேன். வளாகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வருடக்கணக்காகப் போய்வரும் மாணவர்களுக்கும் அதையே சிபாரிசு செய்வேன்.

காரணம் இதுதான். பஸ்ஸில் கண்ணயர்ந்து எழும்பி வீட்டுப் படலையைத் திறக்கும்போது, முதல் நாள் மாலை மேற்பார்வையாளருடன் நடந்த வாதமும் முடியாத அத்தியாயமும் தலைக்குள் அப்படியே இருக்கின்றன. அம்மா தேநீரை நீட்டி ஏதோ கேட்கிறா, நான் ஒற்றைச் சொல்லில் மறுமொழி சொல்கிறேன். ரயிலில் வரும்போது அந்த வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து யோசித்து ஒதுக்கிவைக்க நேரம் கிடைக்கிறது, வீட்டுக்குள் நுழைபவள் வீட்டில் உள்ளவர்களுடன் கதைக்கக்கூடிய ஒருத்தியாக இருக்கிறாள்.

யாழ்தேவி 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஓடத் தொடங்கியது. கொழும்பு அலுவலகங்களில் எழுதுவினைஞர்களாக இருந்த யாழ்ப்பாணத்து ஆண்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு விடுமுறைக்கு வந்துபோன ரயில் அது. அம்மப்பாவும் அவர்களில் ஒருவர். அவர் பிள்ளைகளுடன் கழித்த நாட்கள் எல்லாம் இந்த ரயிலின் நேரசூசியைப் பொறுத்தே அமைந்திருந்தன என்று அம்மா சொல்லுவா. போரினால் 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அதன் பின் வடக்கில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கப்பட்டன. இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மறுபடி அமைத்த பிறகு, 2014 ஒக்டோபர் 13 அன்று ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. இருபத்துநான்கு வருட இடைவெளியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ரயில் என்பது பெரியவர்களின் கதைகளில் மட்டும் இருந்த ஒன்று. ஆகவே அதை வெறும் போக்குவரத்துச் சேவையாக மட்டும் எடைபோட என்னால் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொல்காவலையிலிருந்து குருநாகல் வரையான பகுதி குறுகியது. சித்திரைப் புத்தாண்டுக்கு என்னுடன் விடுதி அறையில் இருக்கும் சிங்களத் தோழியும் அதே நாளில் ஊருக்குப் புறப்படுவாள். அவள் குருநாகலில் இறங்க வேண்டியவள். அவளுடைய தாயார் மேடையில் காத்திருந்து, ரயில் நிற்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் யன்னல் வழியாக எனக்கு ஒரு பை கொக்கிஸ் பலகாரம் தருவார். திரும்பி வரும்போது நான் அவர்கள் வீட்டுக்கென்று பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் கொண்டுவருவேன். எங்கள் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் கொக்கிஸ் நன்றாக இருந்ததா என்று அந்த அம்மா கேட்டனுப்புவதும், பனங்கட்டி போதுமா என்று என் அம்மா கேட்பதும் தவறாமல் நடக்கின்றன.

மாகோவுக்குப் பிறகு வயல்களும் தென்னைகளும் குறைந்து காடு கூடுகிறது. எதிரெதிரே அமைந்திருக்கும் இருக்கைகள் என்பதால் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். வடைக் கூடையுடன் வருபவர்கள் பருப்பு வடையையும் இறால் வடையையும் மிளகாய்ப் பொரியலுடன் பழைய பயிற்சிக் கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் போட்ட கழித்தல் கணக்கும் ஆசிரியரின் சிவப்புச் சரியும் தெரியும். வடை சூடாக இருந்தால் இரண்டு வாங்குங்கள். வவுனியாவுக்குப் பிறகு பெரும்பாலும் கச்சான்தான் வரும்.

அநுராதபுரத்தில் யாத்திரிகர்கள் இறங்கப் பெட்டி காலியாகும். பௌத்தர்களின் பொசன் போயா (ஜூன் மாத முழுநிலா நாள்) வாரத்தில் மட்டும் இந்தப் பாதையில் போவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அநுராதபுரம் வரை நிற்பதற்கும் இடம் கிடைப்பது அரிது. 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பழைய பாதையைப் புதுப்பித்ததால் முன்பிருந்த குலுக்கல் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, மடியில் வைத்து எழுதவும் முடிகிறது. ஆயினும் நான் எழுதுவதில்லை. வன்னியின் சிறுகுளங்களே என் ஆய்வுப் பொருள். நூலகத்தில் வரைபடமாக விரித்துவைத்திருக்கும் நிலம் தாண்டிக்குளம், புளியங்குளம், மாங்குளம் என்று நிலையம் நிலையமாக யன்னலுக்கு வெளியே வரும்போது, குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வருவதில்லை.

ஓமந்தை, போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் சோதனைச்சாவடி இருந்த இடம். அங்கே பைகளைத் திறந்துவைத்து நிரையில் நின்றவர்கள் இன்று பெட்டிக்குள் இருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். பேச்சு சற்று நின்று, பிறகு வேறொன்றிலிருந்து தொடங்கும். ரயிலின் மீது எனக்குள்ள மதிப்பு அந்த இடத்தில் கூடுகிறது. ஒருவருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்திருக்கிறோம்.

கிளிநொச்சி தாண்டியதும் அம்மாவின் அழைப்பு வந்துவிடும். "பிள்ளை, எவடத்தில நிக்கிறாய்? பரந்தன் வந்திட்டுதோ?" என்று கேட்பா. சோறு வைக்கும் நேரத்தை அதற்கேற்பக் கணக்கிடுகிறா என்பது எனக்குத் தெரியும். ஆய்வு எப்போது முடியும், கலியாணப் பேச்சை எப்போது தொடங்கலாம் என்ற கேள்விகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். அவற்றுக்கு என்ன சொல்வது என்று நிதானமாக யோசித்துவைப்பதும் பரந்தனுக்கு இப்பால்தான். பொறுமையாக மறுமொழி சொல்ல முடிந்த நாட்களில் அம்மாவும் தன் கவலையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறா: அக்கா ரொறன்ரோவில், நான் மலைநாட்டில், வீட்டில் அவ மட்டும். இதைத் தொலைபேசியில் அவ ஒருபோதும் சொன்னதில்லை.

பரந்தனைக் கடந்தால் ஆனையிறவு. இருபுறமும் திடீரென்று நிலம் தாழ்ந்து நீரும் உப்பு வெளியும் விரிய, அதுவரை காட்டு நிழலில் வந்த பெட்டிக்குள் கண் கூசும் வெளிச்சம் நிறைகிறது. அக்காவுக்கு அங்கே விடியப்புறமாக இருந்தாலும் இந்த இடத்தில் தன்னை வீடியோவில் அழைக்கச் சொல்லியிருக்கிறாள். ரயில் இல்லாத காலத்தில் நாட்டைவிட்டுப் போனவள் அவள். யாழ்தேவியில் ஒரு தரமும் ஏறியதில்லை. கைப்பேசியை யன்னலோடு பிடித்தபடி பளை வரும்வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனையிறவு வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகவே பகல் ரயிலைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பும் போதுமானது. யன்னலைத் திறந்துவைக்கலாம், காற்று வரும், பேச்சுத் துணையும் அங்கேதான் அதிகம். ஆனால் இடையில் ஏறுபவர்களுக்கு இருக்கை நிச்சயமில்லை என்பதால், வயதானவர்களுடனோ கைக்குழந்தையுடனோ போகிறவர்கள் இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மறுநாள் காலை வகுப்பெடுக்க வேண்டியவர்களும், ஊரில் ஓர் இரவு மட்டும் தங்கக்கூடியவர்களும் பஸ்ஸிலேயே போகலாம்; அவர்களுக்கு இந்தச் சுற்றுவழி கட்டாது. கொடிகாமத்தில் இறங்குபவர்கள் பருத்தித்துறை வீதி பஸ்ஸை அருகிலேயே பிடிக்கலாம். மாம்பழக் காலமாக இருந்தால், திரும்பும் பயணத்துக்கு முன் கொடிகாமச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். குருநாகலில் ஒரு பை, விடுதிக்கு ஒரு பை என்று கணக்குப் பார்த்து வாங்கினால் போதும்.