மேடையா, தொலைக்காட்சியா: நடிகருக்கு எது கைகொடுக்கும்?

நடிப்பையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்கே சம்பளம் அதிகம்?" என்றுதான். ஒரு நாள் சம்பளத்தை மட்டும் பார்த்தால் தொலைக்காட்சிதான் ஜெயிக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்? வேலை முடிந்த பிறகும் பணம் வருமா?

மேடையில் ஆடினால்தான் காசு. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வாரச் சம்பளம், வாரத்துக்கு 8 காட்சிகள். அந்த 8 என்ற வரம்பே 1919-ல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. ஒத்திகைக்குக் கூலி கிடைக்க அதற்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று. நாடகம் ஓடும்வரை கவலையில்லை. நின்றால் அந்த வாரத்தோடு சம்பளமும் நின்றுவிடும். லண்டனில் 1952-ல் தொடங்கிய 'மவுஸ்டிராப்' நாடகத்தில் டேவிட் ராவன் ஒரே வேடத்தை 4,575 முறை நடித்தார். அப்படி ஒரு யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

தொலைக்காட்சியின் உண்மையான பலம் மறுஒளிபரப்புத் தொகை. ஒருமுறை நடித்ததற்குப் பல வருஷம் பணம் வரும். 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ஆறு முக்கிய நடிகர்கள் 1994-ல் எபிசோடுக்கு 22,500 டாலரில் தொடங்கி, கடைசி இரண்டு சீசன்களில் ஆளுக்கு 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். நடுவில் ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று பேசியதுதான் அதற்கு வழி. எனக்கு அந்தத் தொகையைவிட அந்த ஒற்றுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இரண்டு மூன்று காட்சிகளில் வந்துபோகும் நடிகருக்கு வருஷத்தில் சில நாட்களே ஷூட்டிங் இருக்கும். அதிலும் ஏஜெண்ட் கமிஷன், வரி எல்லாம் போக மிச்சம்தான் கையில். ஸ்ட்ரீமிங் வந்தபின் மறுஒளிபரப்புத் தொகையும் தேய்ந்துவிட்டது. 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வேலையும் ஒன்றல்ல. மேடையில் டயலாக் மறந்தால் கட் சொல்ல ஆளில்லை. சமாளித்துக்கொண்டே கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோக வேண்டும். ஷூட்டிங்கில் காலையில் மேக்கப் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை காத்திருக்க நேரும். நமக்கு குளோசப் வைக்கும்போது எதிரே நடித்தவர் கிளம்பியிருப்பார். யாரோ ஒரு உதவியாளர் ஏற்ற இறக்கமில்லாமல் வரிகளை வாசிக்க, கேமரா பக்கத்தில் ஒட்டிய டேப் துண்டைப் பார்த்து அழ வேண்டும். அந்த அழுகையை வரவழைக்கும் பயிற்சி மேடையில்தான் கிடைக்கும் என்பது என் கருத்து.

அதனால் நான் சொல்வது: தொடக்கத்தில் சில வருஷம் மேடை. அப்புறம் தொலைக்காட்சி, அதில் வரும் பணத்தில் ஒரு பங்கு சேமிப்பு. மேடையை அடியோடு விட்டுவிட வேண்டாம். வயது ஏற ஏற தொலைக்காட்சியில் வேடங்கள் சுருங்கும்போது, கனமான பாத்திரங்கள் பெரும்பாலும் மேடையில்தான் காத்திருக்கும்.

ஒப்பந்தம் வந்தால் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மறுஒளிபரப்பு, ஸ்ட்ரீமிங் பற்றிய பகுதியை வரிவரியாகப் படியுங்கள். புரியவில்லையென்றால் சங்கத்தில் கேளுங்கள்.