எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: ஐந்துக்கு மூன்றரை

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், சொன்னால் முதலில் நர்சம்மாவைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அண்ணன் மகளுக்குப் பதினெட்டு முடிந்த மறுமாதமே கல்யாணம். எனக்குச் சம்மதமில்லை, யார் கேட்டார்கள்? கர்ப்பமானதும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு அவளைக் கூட்டிப்போனது மட்டும் நான்தான், அத்தை வேறெதற்கு இருக்கிறாள்.

நர்சம்மாவுக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. முதல் நாளே கீழ் இமையை இழுத்துப் பார்த்து "வெளுத்துப்போய்க் கிடக்கே" என்றார், ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11 ஆவது இருக்க வேண்டும். அடுத்த தடவை காலி மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னார், இவள் முழிக்கிறாள். வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதி நாள் போடவில்லை, போட்ட நாளும் டீயோடு. டீயோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாறோடு போடு, கறுப்பாகப் போவது சகஜம்தான் என்று பொறுமையாகச் சொன்னார். அப்பத்தாவோ கும்மாயம் கிண்டிக் கொடுத்தே சரிக்கட்டிவிடலாம் என்றிருந்தது. உளுந்தும் கருப்பட்டியும் நல்லதுதான், அதற்காக மாத்திரையை விடமுடியுமா?

எட்டாம் மாதக் கடைசியில் கொலுசு கணுக்காலில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்ததை அவர்தான் பார்த்தார். பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம். இரண்டு நாளாகத் தலைவலி என்று அப்போதுதான் இவள் வாயைத் திறக்கிறாள். வலிப்பில் கொண்டுபோய்விடும் என்று உடனே 108ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இருபது வயதுக்குள் பிள்ளை பெறுபவர்களுக்கு இந்த ஆபத்து 20-24 வயதுக்காரர்களைவிடக் கூடுதல், குழந்தை குறைமாதமாக, எடை குறைந்து பிறப்பதும் அப்படித்தான். இவளுக்கும் 36 வாரத்தில் பிரசவம், பிள்ளை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக்குக் கீழே இருந்தாலே எடை குறைவு என்கிறார்கள். கங்காரு மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "சட்டைக்குள்ள என்னடி பிள்ளை?" என்று சிரித்த அப்பத்தா நாலாம் நாள் "என்கிட்டயும் கொஞ்சம் குடுடி" என்றது.

குறை சொல்லாமல் விடமாட்டேன். நிலையத்தில் டாக்டர் பேசியதெல்லாம் மாமியாரிடம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்ணிடம் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த குழந்தைக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும், அதற்குக் கருத்தரிக்காமலிருக்கக் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர்-டி வைக்கலாமா என்பதைக்கூட மாமியாரிடம்தான் கேட்டார், உடம்பு யாருடையது? மகப்பேறு உதவித்தொகைக்குப் பத்தொன்பது நிறையவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இளவயதுக் கல்யாணத்தைத் தடுக்கத்தான் அந்த விதி என்றால் தண்டனை பெண்ணுக்கா, கட்டிவைத்தவர்களுக்கா? சத்துணவு அதிகம் தேவைப்படுவதே இவளுக்குத்தானே.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள். ஒன்பது மணிக்குள் டோக்கன் போட்டுவிடுங்கள், கையில் சாப்பாடும் இருக்கட்டும், மதிய பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான்.