"ஜோடியா எடுத்துக்கோங்க": குட்டி முயலுக்குத் துணை தேடுகிறவர்களுக்கு

ஒன்றரை மாத வெள்ளைக் குட்டியை வாங்கி இரண்டு வாரமான நண்பர் ஒருவரிடமிருந்து அந்த வழக்கமான கேள்வி வந்திருக்கிறது: "தனியா இருந்தா செத்துடும்னு கடையில சொன்னாங்க. இன்னொண்ணு வாங்கி விட்டுடலாமா?" புல், கூண்டு, தண்ணீர் எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராகத் துணை விஷயத்துக்கு வந்துவிடலாம்.

முதலில் அந்தச் "செத்துடும்". அது பாதி உண்மை, பாதி வியாபாரம். முயல் கூட்டமாக வாழும் பிராணி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடையிலிருந்து வந்த பத்து நாளுக்குள் குட்டி சாவது பெரும்பாலும் ஏக்கத்தால் அல்ல, வயிற்றால். 4 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, கூடையில் அடைத்து, ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து, வந்த அன்றே கேரட்டையும் முட்டைக்கோஸையும் போட்டால் அந்தக் குடல் தாங்காது. காக்ஸிடியா ஒட்டுண்ணியும் உள்ளே இருந்துவிட்டால் கழிச்சல் கண்டு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பக்கத்தில் இன்னொரு குட்டி இருந்தால் அதற்கும் தொற்றும். துணை இருந்து அங்கே ஒன்றும் காப்பாற்றப் போவதில்லை.

முயல் வளர்ப்பில் தீராத எரிச்சல் எது என்றால் "ஜோடி" என்கிற இந்த ஒரு சொல்தான். புறாவுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் சரிப்பட்டுவரும் கணக்கு அது. முயலில் அந்தக் கணக்கு இரண்டு விதமாகக் கவிழும். கொடுத்தது ஜோடியாக இருக்காது. இல்லையென்றால் நிஜமாகவே ஜோடியாக இருந்துவிடும். எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

கடைக்காரர்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. 4, 5 வாரக் குட்டியில் ஆணா பெண்ணா பார்ப்பது பண்ணைக்காரருக்கே தவறும். குட்டியை மடியில் மல்லாத்தி, வாலை மெல்ல ஒதுக்கி, பிறப்புறுப்பின் இருபுறமும் இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். பெண் என்றால் ஆசனவாய்ப் பக்கமாக நீளும் பிளவு, இலை வடிவில் தெரியும். ஆண் என்றால் உருண்டை நுனியுடன் சின்னக் குழாய்போல எழும்பும். 8 வாரத்தில் இந்த வித்தியாசம் ஓரளவு பிடிபடும். 10 முதல் 12 வாரத்தில் விரை இறங்கிவிடும், அதன்பிறகு அதிகம் யோசிக்க வேண்டாம். ஆனால் ஒன்று, பயந்த ஆண் முயல் விரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை பார்த்துக் காணோம் என்பதற்காகப் பெண் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். கோபம் வருவது எதற்கென்றால், "சின்னக் குட்டிங்க, சரியா தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், "ஆணும் பெண்ணுமா பார்த்துத்தான் வச்சிருக்கேன்" என்று அடித்துச் சொல்வதற்கு.

நிஜ ஜோடியாக அமைந்தால் என்ன ஆகும் என்று மாதக் கணக்கில் பாருங்கள். தீபாவளிக்கு வாங்கிய ஒன்றரை மாதக் குட்டிகள் தையில் 4 மாதத்தைத் தொடும், இணை சேரும். முயலுக்குச் சினைப்பருவம் என்று தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை, இணை சேர்வதே கருமுட்டையை வெளிவரச் செய்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். மாசியில் முதல் ஈத்து. குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினை பிடிக்கும், ஆண் பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஆகவே பங்குனியில் அடுத்த ஈத்து. சித்திரையில் "முயல் இலவசம், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அபார்ட்மென்ட் குழுவில் வருகிற செய்திகளின் பூர்வீகம் இதுதான்.

இரண்டும் ஆணாக அமைந்தால் மூன்றரை, நான்கு மாதத்தில் ஒரு ராத்திரியில் எல்லாம் மாறும். மூத்திரம் பீய்ச்சுவது, துரத்துவது, பிறகு கடி. ஒன்றின் விரையையே மற்றது கடித்துக் கிழிப்பது அபூர்வம் இல்லை. இரண்டும் பெண் என்றால் கொஞ்சம் தாமதமாக, ஆனால் அதே கதை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு பெண் இன்னொரு பெண்மேல் ஏறும், ஏறப்பட்டதுக்குப் பொய்ச் சினை வந்துவிடும். 16, 18 நாள் கழித்து மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். வீட்டுக்காரர் ஒன்று ஆண்தான் என்று முடிவுகட்டி, குட்டிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் முதல் இரண்டு மாதம் எல்லாக் குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்கும். அதைப் படமெடுத்து "எவ்வளவு பாசம்" என்று மகிழ்கிறோம். அது குட்டிப் பருவத்தின் இயல்பு, உறவு இல்லை. உறவா இல்லையா என்பது பருவம் வந்தபிறகுதான் தெரியும்.

ஆகவே துணை என்றால் வரிசை இப்படி: இருக்கிற குட்டி ஆண் என்றால் விரை இறங்கியபின், 4 மாத வாக்கில் கருத்தடை. பெண் என்றால் 5, 6 மாதத்தில். ஆணுக்கு அறுவை முடிந்தும் 6 வாரம் பெண்ணோடு விடக்கூடாது. குழாயில் மிச்சமிருக்கும் விந்து போதும் ஒரு ஈத்துக்கு. பெண்ணுக்குச் செய்வது பெரிய அறுவை, செலவும் அதிகம், ஆனால் வயதான, கருத்தடை செய்யாத பெண் முயல்களில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம் என்பதால் அந்தச் செலவு வீண் இல்லை. மருத்துவரைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: "அறுவைக்கு முன்னால் பட்டினி போடணுமா?" நாய், பூனைபோல் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி கிடந்தால் அதன் குடல்தான் நின்றுபோகும். வாய்வழி அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கை எழுதித் தருகிறவரிடமும் திரும்பப் போகாதீர்கள், அது முயலின் குடலைக் கெடுத்துவிடும்.

இணையில் எளிதாகப் படிவது கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும். குட்டிக்குக் குட்டியே வேண்டும் என்பதில்லை. யாராவது கைவிடும் ஒரு வயது முயல் கிடைத்தால் அதுவே மேல்: ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியும், குணமும் தெரியும். கடையில் பக்கத்துக் கூண்டில் இருக்கும் கினி பன்றியைத் துணைக்குத் தள்ளிவிடுவார்கள், வேண்டாம். அதற்கு உணவிலிருந்தே வைட்டமின் சி வர வேண்டும், முயலுக்குத் தேவையில்லை; முயல் மூக்கில் நோயின்றி இருக்கும் போர்டெடெல்லா கிருமி அதற்கு நிமோனியா கொடுத்துவிடும். வயலில் அகப்பட்ட காட்டு முயல் குட்டியோ வேறு இனமே. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமும்கூட.

புதியது வந்தால் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறை. காது மடலுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு, மூக்கு நுனியிலும் விரல் ஓரத்திலும் வெள்ளைச் சொறி, இளகிய புழுக்கை, தும்மல் இவற்றைப் பாருங்கள். சொறிக்கு மருத்துவர் ஐவர்மெக்டின் போடுவார். நாய்க்கு வைக்கும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் கையில் எடுக்காதீர்கள், முயலுக்கு அது விஷம்.

பிறகு கூண்டுகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியாக உதட்டையும் விரலையும் கடிக்கும். தினம் ஒன்றின் மலத்தட்டை மற்றதன் கூண்டில் மாற்றி வையுங்கள். வாரம் கழித்து முயலையே கூண்டு மாற்றுங்கள். நேருக்கு நேர் விடுவது எந்த முயலும் காலே வைக்காத இடத்தில் நடக்க வேண்டும். குளியலறையில் பழைய ஜமுக்காளத்தை விரித்தால் போதும், வெறும் டைல்ஸில் வழுக்கினால் பயந்து கடிக்கும். கறிமுயல் பண்ணைகளில் எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள், ஆணைப் பெண்ணிடம் கொண்டுபோக மாட்டார்கள்; தன் கூண்டில் பெண் யாரையும் விடாது. வீட்டில் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். பழைய முயலின் கூண்டுக்குள் புதியதைப் போட்டு, "ஏன் கடிக்குது?" என்று கேட்பார்கள்.

முதல் நாள் 10 நிமிடம் போதும். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் புல் தின்றால் நல்ல சகுனம். மேலே ஏறுவது, கொஞ்சம் துரத்துவது, முடி பறப்பது எல்லாம் கணக்கில் உண்டு. சில வினாடி விட்டு இறக்கிவிடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் உடனே தடுக்க வேண்டும், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். வால் நிமிர்ந்து, காது பின்னால் படிந்து இரண்டும் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் அடுத்த நொடி உருண்டு புரளும் சண்டை. கையை நுழைக்காதீர்கள். தடித்த துண்டைப் போட்டு மூடிப் பிரியுங்கள், அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து வண்டியில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. நடுங்கிக்கொண்டு ஒட்டுவதை உறவு என்று எண்ணுவது நம் வசதிக்குத்தான்.

சிலது மூன்று நாளில் படியும், சிலதுக்கு இரண்டு மாதம் ஆகும். 48 மணி நேரம் துரத்தலே இல்லாமல் தின்று தூங்கினால் ஒரே கூண்டுக்கு வரலாம். இரண்டு மலத்தட்டு, இரண்டு புல் கூடை, இரு வாசல் உள்ள ஒளிவிடம். பிறகு ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனாலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வேற்று வாசனையோடு திரும்புவதை மற்றது அந்நியமாக எண்ணிப் பாய்வதுண்டு.

இத்தனை புலம்பலுக்கு நடுவே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படிந்த இரண்டு முயல்களில் ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் மூக்கடியில் நீட்டும், நக்கிவிடு என்று. மற்றது காதிலிருந்து கண் ஓரம் வரை நிதானமாக நக்கும். நிறுத்தினால் இது மறுபடி தலையை நீட்டும். நம் கை எவ்வளவு தடவினாலும் அந்த இடத்துக்கு வராது. தின்னாமல் முடங்கிய முயல், துணை புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டுத் தானும் வாய் வைப்பதும் உண்டு.

இதையெல்லாம் எழுதிவிட்டு நண்பருக்குச் சொல்கிற பதில்: வேண்டாம், இப்போது வேண்டாம். சித்திரை வெயிலில் துரத்தல் தொடங்கினால் சண்டைக்கு முன்னால் சூடே கொன்றுவிடும். 35 டிகிரியைத் தாண்டும் அறையில் நடக்கும் காரியம் இல்லை இது. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அந்த ஒற்றைக் குட்டியின் பக்கத்தில் வையுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் தரையில் உட்காருங்கள். கருத்தடை முடிந்து ஐப்பசியில் பேசுவோம். அதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு தடவை மல்லாத்திப் பாருங்கள். கடையில் பெண் என்று சொன்னார்களாம்.